கடல் மட்டத்திலிருந்து முக்திநாத்துக்கு: வடசென்னையிலிருந்து கிளம்புபவர்கள் திட்டமிடும் முறை

நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோயிலுக்குப் போகிறோம் என்று சொன்னவுடன் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, அந்தக் குளிரைத் தாங்க முடியுமா என்பதுதான். குளிருக்கு வழி இருக்கிறது. தடித்த மேலங்கி போக்ராவில் வாடகைக்கே கிடைக்கும். பயணத் திட்டம் கைக்கு வந்ததும் ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்கப் போகிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் உயரத்தைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்: காத்மாண்டு சுமார் 1,400, போக்ரா சுமார் 820, ஜோம்சோம் சுமார் 2,700, முக்திநாத் 3,700க்குச் சற்று மேல். நமக்குப் பழக்கமான மேடு ராயபுரம் மேம்பாலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்களைப் படித்தால் விஷயம் விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அதைச் செய்யவில்லை. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று வழங்கும் முக்திநாத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அத்தை பிடிவாதம் பிடித்தார். எங்களை அழைத்துச் சென்ற ஏற்பாட்டாளர் விடியற்காலையில் போக்ராவில் ஜீப் ஏற்றி, அன்றிரவே முக்திநாத் கோயிலுக்குக் கீழே இருக்கும் ராணிபௌவாவில் படுக்க வைத்தார். ஒரே பகலில் ஏறக்குறைய 2,900 மீட்டர் ஏறியிருந்தோம். இரவு பதினொரு மணிக்கு அத்தை படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் நெற்றியைப் பிடித்தபடி, "இன்னாடா இது, மண்டைக்குள்ள அம்மி அரைக்கிறாப்ல கீது" என்றார். சிறிது நேரத்தில் வாந்தியும் வந்தது. விடிந்ததும் முதல் ஜீப்பில் காக்பேனிக்கு இறங்கினோம். அது சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மதியத்துக்குள் அத்தையே சோறு கேட்டார்.

அங்கேயே ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் மேலே போய்த் தரிசனம் முடித்து, மாலைக்குள் மறுபடி காக்பேனிக்கு வந்து படுத்தோம். யாருக்கும் தலை வலிக்கவில்லை. பகலில் உயரம் ஏறினாலும் இரவில் தாழ்வான இடத்துக்கு வந்து உறங்கினால் உடல் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். எனவே போக்ராவிலிருந்து கிளம்பும் முதல் நாள் வெந்நீர் ஊற்று இருக்கும் தாதோபானியில் தங்குங்கள். அது சுமார் 1,200 மீட்டர். இரண்டாம் நாள் ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற மார்ஃபாவிலோ ஜோம்சோமிலோ தங்குங்கள். மூன்றாம் நாள் காக்பேனியில் அறை எடுங்கள். நான்காம் நாள் முக்திநாத் போய்விட்டு, காக்பேனிக்கே திரும்புங்கள். இரண்டு நாள் கூடுகிறதே என்று ஏற்பாட்டாளர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

முக்திநாத் உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் உள்ளே போகிறது. 3,000 மீட்டருக்கு மேல் நடந்து போகிறவர்கள், உறங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமலும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுத்தும் போக வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. தலைவலியோடு குமட்டலோ தூக்கமின்மையோ சேர்ந்தால் ஏறுவதை நிறுத்துங்கள். குறையாவிட்டால், நள்ளிரவானாலும் கீழே இறங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ விடியும் வரை காத்திருப்பது உயிருக்கு ஆபத்து. உடல் உயரத்துக்குப் பழக டயமாக்ஸ் மாத்திரை உதவும். ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

இந்தியர்களுக்கு நேபாள விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும். ஆதாரை மட்டும் நம்பி விமான நிலையத்தில் போய் நிற்காதீர்கள். சில்லறைச் செலவுக்கு நம் நூறு ரூபாய்த் தாள்களே சிக்கலில்லாதவை; நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நெடுங்காலமாக மாறாத கணக்கு. மலைக்கு ஏறும் முன் போக்ராவில் போதுமான நேபாளப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முன்னால் ஓடும். அங்கே வார விடுமுறை சனிக்கிழமை என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏற்ற காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் சாலை சரிவது வழக்கம்.

பயிற்சிக்கு நம் பக்கத்தில் மலை இல்லை என்று சாக்குச் சொல்ல வேண்டாம். பெரம்பூரில் காலை ரயில் ஏறித் திருத்தணியில் இறங்கினால் 365 படிகள் காத்திருக்கின்றன. கிளம்பும் முன் இரண்டு மாதம், வாரம் ஒருமுறை அந்தப் படிகளை ஏறி இறங்குங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் உண்மையைச் சொல்லும். பயணத்தில் போடப் போகும் காலணியையே அங்கும் போட்டுப் பழக்குங்கள். எம்.சி. ரோடில் துணி வாங்குபவர்கள் பருத்தி பனியனைத் தவிர்த்து, சீக்கிரம் காயும் செயற்கை இழைத் துணியை வாங்க வேண்டும். வியர்வையில் நனைந்த பருத்தி மலைக்காற்றில் உடம்போடு ஒட்டி நடுங்க வைக்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சோறு தின்று வளர்ந்தவர்கள் கவலைப்படவே வேண்டாம். தால்-பாத் என்னும் பருப்புச் சோறு எல்லா விடுதியிலும் கிடைக்கும். தட்டு காலியானால் சோறும் பருப்பும் காய்கறியும் மறுபடி பரிமாறுவார்கள். பர்மா பஜார் பக்கம் அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்குத் துக்பா என்னும் நூடுல்ஸ் சூப்பும் அந்நியமாகத் தெரியாது. சிறிய விடுதிகளில் ஓர் அடுப்புதான் இருக்கும். ஆகவே இரவு உணவை மாலையே சொல்லிவிடுங்கள். அறை வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம், தங்குபவர் அங்கேயே சாப்பிடுவார் என்ற எதிர்பார்ப்பு. அறையை ஓரிடத்தில் எடுத்துவிட்டு வேறிடத்தில் சாப்பிடுவது அவர்கள் வயிற்றில் அடிப்பதாகும். விடுதிக்காரரை தாஜு என்றும் அவர் மனைவியை தீதீ என்றும் அழையுங்கள். நாம் அண்ணா, அக்கா என்று கூப்பிடுவதைப் போன்றதே அது.

கோவேறு கழுதைகள் மூட்டையோடு எதிரே வந்தால் பாதையில் மலைச்சரிவை ஒட்டி நில்லுங்கள், பள்ளத்தின் ஓரமாக ஒதுங்காதீர்கள். தொங்கு பாலத்தில் அவை கடந்து முடித்த பிறகே காலை வையுங்கள். மந்திரம் பொறித்த கற்சுவர்களும் ஸ்தூபிகளும் வந்தால் அவற்றை உங்கள் வலக்கைப் பக்கம் விட்டு நடக்க வேண்டும்; கோயிலை வலம் வந்து பழகிய நமக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராணிபௌவாவில் ஜீப் நின்ற பிறகு கோயிலுக்கு அரை மணி நேரம் மேலே நடக்க வேண்டும். முடியாதவர்களுக்குக் குதிரை கிடைக்கும். கோயிலுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் சுவரில் 108 காளைமுகத் தாரைகளிலிருந்து பனி உருகிய நீர் கொட்டுகிறது. அத்தை மூன்றாவது தாரையிலேயே நின்றுவிட்டு, மீதியைக் கையால் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார். இரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் உள்ளவர்களுக்கு அதுவே சரியான முறை. துவட்டிக்கொள்ளத் துண்டும் மாற்றுத் துணியும் கையிலேயே இருக்க வேண்டும். காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள், இமயம் எழும்புவதற்கு முன் அங்கே கிடந்த கடலில் வாழ்ந்த உயிரிகளின் புதைபடிவங்கள். காசிமேட்டுக் கரையிலிருந்து அவ்வளவு தூரம் போய் மறுபடி கடலின் மிச்சத்தையே கையில் எடுக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது.

திரும்பும்போது ஜோம்சோமிலிருந்து போக்ராவுக்குச் சிறிய விமானம் சுமார் இருபது நிமிடத்தில் வந்துவிடும். முற்பகலுக்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் பலத்த காற்று எழுவதால் அவை காலையில்தான் பறக்கும். மேகம் இறங்கினால் அதுவும் ரத்தாகும். ஆகவே அந்த விமானத்துக்கும் காத்மாண்டுவிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் நாளுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள்.