வசந்தம் விட்டு விட்டு வருகிறதா? பாக்ஸை மாற்றும் முன் ஆண்டெனாவைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்

சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். வசந்தம் தமிழ்த் தொலைக்காட்சியில் வரும் இரவுச் செய்தியும் நாடகமும்தான் அவருக்குத் துணை. போன மாதம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “படம் நின்னு நின்னு வருதுப்பா, பாக்ஸ் போயிடுச்சு, புதுசு வாங்கணும்” என்றார். போய்ப் பார்த்தேன். ஆண்டெனா பிடிக்கும் டிஜிட்டல் சிக்னலைப் படமாக்கி டிவிக்குத் தரும் அந்த பாக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடு துடைக்கும்போது யாரோ ஆண்டெனாவை எடுத்து டிவிக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவிட்டிருந்தார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சிலிருந்து தப்பிக்க வீட்டுக்குள்ளேயே கட்டிய அறை. கனமான கான்கிரீட், உள்ளே நெருக்கமாகக் கம்பி, கதவும் இரும்பு. 1998க்குப் பிறகு கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பெரும்பாலும் இது இருக்கும். சிக்னல் அதைத் தாண்டி வருவது கஷ்டம்.

இந்த மாதிரி நிறைய வீடுகளில் பார்த்துவிட்டேன். ஆண்டெனா சரியில்லை என்று நினைத்து இன்னொன்று வாங்குகிறார்கள், அதையும் அதே மூலையில் வைக்கிறார்கள். செய்ய வேண்டியது, வீட்டுக்குள் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தைப் பொறுமையாகத் தேடுவது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 2018 முடிந்து 2019 பிறந்ததும் சிங்கப்பூரில் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுபோனது. அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும், நிழல் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஆண்டெனாவைத் திருப்பலாம். டிஜிட்டலில் அந்த முன்னறிவிப்பு கிடையாது. சிக்னல் ஓர் அளவுக்கு மேல் இருக்கும்வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடையும், குரல் அறுபடும், பிறகு திரை கறுத்துவிடும். அதனால் இன்றைக்கு நன்றாகத் தெரிகிற வீட்டில்கூட சிக்னல் விளிம்பில்தான் இருக்கலாம். நாளைக்கு ஒருவர் ஆண்டெனாவுக்கு முன்னால் நாற்காலியை நகர்த்தினாலே படம் போய்விடும். ‘நேற்று வரைக்கும் நல்லாத்தானே வந்துச்சு’ என்று நிறையப் பேர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆண்டெனாவைத் திருப்பும் விதத்திலேயே ஒரு தவறு நடக்கிறது. பழைய பழக்கத்தில், கையில் பிடித்துச் சுற்றிக்கொண்டே திரையைப் பார்க்கிறோம். டிஜிட்டல் பாக்ஸுக்கு சிக்னலைப் பிடித்துப் படமாக்கச் சில வினாடிகள் வேண்டும். நீங்கள் நல்ல இடத்தைத் தாண்டிப் போன பிறகுதான் படம் வரும். போதாததற்கு, மனித உடம்பும் சிக்னலைத் தடுக்கும், திருப்பியும் விடும். பிடித்திருக்கும்போது வந்த படம், கையை எடுத்ததும் போவது அதனால்தான். ஆகவே ஆண்டெனாவை வைத்துவிட்டு நான்கு அடி தள்ளி நில்லுங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அப்புறம் பாருங்கள்.

திரையில் படத்தைப் பார்க்காமல் சிக்னல் அளவைப் பார்ப்பது இன்னும் நல்லது. பாக்ஸின் ரிமோட்டில் ‘இன்ஃபோ’ பட்டனை ஓரிரு முறை அழுத்தினாலோ மெனுவுக்குள் போனாலோ பெரும்பாலும் இரண்டு கோடுகள் வரும். ஒன்று சிக்னலின் வலிமை, மற்றது தரம். எல்லோரும் வலிமைக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள். அது சத்தத்தின் அளவு மாதிரி. சந்தையில் சத்தம் அதிகம்தான், ஆனால் எதிரில் நிற்பவர் பேசுவது கேட்காது. தரக் கோடு ஏறினால்தான் படம் நிற்கும். பாட்டி வீட்டில் வலிமை 80ஐத் தொட்டது, தரமோ 20க்கும் 40க்கும் நடுவில் துள்ளிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நகர்த்த வேண்டும்? நினைப்பதைவிடக் குறைவு. இங்கே ஒளிபரப்பு யூஎச்எஃப் அலைவரிசையில் வருகிறது. அதன் அலைநீளம் ஏறக்குறைய அரை மீட்டர். வீட்டுக்குள் சுவரிலும் கம்பியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓரிடத்தில் வலுவாகும், ஒரு சாண் தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் ஒரு சாண் நகர்த்தினாலே நிலைமை தலைகீழாக மாறலாம். ஜன்னலோரமாக ஆரம்பியுங்கள், ஒவ்வொரு சாணாக நகர்த்துங்கள், உயரத்தையும் மாற்றிப் பாருங்கள். தட்டையான ஆண்டெனாவாக இருந்தால் நிமிர்த்தியும் படுக்க வைத்தும் பாருங்கள்.

புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் ஒளிபரப்புக் கோபுரம் எந்தப் பக்கம் என்று பார்த்து அந்தத் திசைக்குத் திருப்பச் சொல்வார்கள். ஆரம்பத்துக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் கீழ்மாடியில், எதிர் புளோக் மறைக்கிற வீடுகளில் அதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே நேராக வருவதைவிட, பக்கத்துப் புளோக்கின் சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் வலுவாக இருக்கலாம். அனலாக்கில் அப்படித் திரும்பி வரும் அலைதான் நிழல் படமாகத் தெரிந்தது. டிஜிட்டல் முறை அதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். எதிர்த் திசையில் திருப்பியதும் படம் வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஜன்னல் என்றதும் இரும்புக் கிரில்லில் சாய்த்து வைக்கக் கூடாது. உலோகம் எதுவும் ஆண்டெனாவை ஒட்டி இருக்க வேண்டாம். வெயிலுக்காகக் கண்ணாடியில் ஒட்டும் சிலவகை ஃபிலிமிலும் உலோகப் பூச்சு உண்டு. வைஃபை ரவுட்டர், மலிவான எல்இடி விளக்கு, ஃபோன் சார்ஜர் இவற்றையும் தள்ளியே வையுங்கள். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஜன்னலுக்கு வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள். பத்தாவது மாடியிலிருந்து விழும் சின்னப் பொருளும் கீழே நடப்பவரின் உயிரை எடுக்கும்.

“ஜன்னல் தூரமா இருக்கே, வயர் நீளமானா சிக்னல் குறையாதா?” என்று கேட்பார்கள். குறையும், ஆனால் கொஞ்சம்தான். ஆர்ஜி6 என்று அச்சடித்த தடித்த கேபிளில் ஐந்து மீட்டருக்கு ஒரு டெசிபல் அளவுதான் போகும். ஷெல்டர் சுவரிலிருந்து ஜன்னலுக்கு மாற்றுவதில் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரியது. கேபிளைவிட அதன் முனைதான் தொல்லை தரும். பாட்டி வீட்டில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நடுவில் இருக்கும் செம்பு ஊசி வளைந்திருந்தது, வெளிவலையின் ஒரு மெல்லிய இழை பிரிந்து அதன்மேல் உரசிக்கொண்டிருந்தது. முடி அளவு இழைதான், ஆனால் அது தொட்டால் சிக்னல் போய்விடும். கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, ஊசியை நிமிர்த்தினேன்.

அடுத்து, பூஸ்டர். சிக்னல் குறைவு என்றதும் கடையில் இதைத்தான் கையில் கொடுப்பார்கள். பூஸ்டர் நல்ல சிக்னலைப் பெருக்கும்போது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஆண்டெனாவுக்கே வந்து சேராததை அதனால் உண்டாக்க முடியாது. கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுவே பாதகம். சிக்னல் அளவுக்கு மீறிப்போய் டிவி திணறும். இரண்டு டிவிக்குப் பிரிக்கும்போது வேண்டுமானால் பயன்படும், ஏனென்றால் ஸ்பிளிட்டர் பாதியை எடுத்துவிடுகிறது. ஏற்கெனவே பூஸ்டர் உள்ள ஆண்டெனா என்றால் அதற்கு 5 வோல்ட் மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். பாக்ஸ் மெனுவில் ‘ஆண்டெனா பவர்’ அணைந்திருந்தால், பூஸ்டர் இல்லாத ஆண்டெனாவைவிட மோசமாக வேலை செய்யும்.

டிவி மெனுவில் நடக்கும் தவறு சின்னதுதான், ஆனால் ஒருநாள் முழுக்க அலையவிடும். சேனல் தேடும்போது ‘ஆண்டெனா’, ‘கேபிள்’ என்று இரண்டு கேட்கும். கேபிளைத் தேர்ந்தெடுத்தால் விடிய விடியத் தேடினாலும் ஒன்றும் வராது. டிவியும் இங்குள்ள டிஜிட்டல் ஒளிபரப்பு முறையான டிவிபி-டி2 வகையாக இருக்க வேண்டும். பழைய டிவிக்கும் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிவிக்கும் பாக்ஸ் வேண்டும். சுவரில் இருக்கும் டிவி பாயிண்ட்டில் செருகிவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. கட்டண டிவி நிறுவனமான ஸ்டார்ஹப் தன் கேபிள் சேவையை 2019 செப்டம்பர் கடைசியில் நிறுத்திவிட்டது. பல வீவக வீடுகளில் அந்த பாயிண்ட்டில் இப்போது எதுவும் வராது. கொண்டோவில் மொட்டைமாடிப் பொது ஆண்டெனா இருந்தால் கதை வேறு, நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சேனல் போனதும் முழுத் தேடலை அழுத்துவதும் வேண்டாம். சிக்னல் மோசமாக இருக்கும் நேரத்தில் தேடினால், பட்டியலில் இருந்த மற்ற சேனல்களும் அழிந்துபோகும். முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள், தரக் கோடு நிலையாக நிற்கட்டும், அப்புறம் ஒரே ஒருமுறை தேடுங்கள். தேடி முடித்ததும் எல்லாச் சேனலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாச் சேனலும் ஒரே அலைவரிசையில் வருவதில்லை என்பதால், ஒரு சேனல் நன்றாகத் தெரிகிற இடத்தில் இன்னொன்று உடைந்து வரலாம்.

பாட்டி வீட்டில் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில், தோள் உயரத்தில் ஓர் இடம் கிடைத்தது. தரம் 70ஐத் தாண்டி அப்படியே நின்றது. சுவரில் பென்சிலால் ஆண்டெனாவைச் சுற்றிக் கோடு போட்டேன். அடுத்த முறை துடைக்க வருபவர் எடுத்தாலும் அந்தக் கோட்டுக்குள்ளேயே திரும்ப வைக்க வேண்டும் என்று பாட்டி ஒரு சீட்டில் எழுதி அதன்கீழே ஒட்டியிருக்கிறார்.