தொப்பைக் கொழுப்பு ஹார்மோன் விடுது, அதை எப்படி அடக்குறது

தென்னாப்பிரிக்கா டர்பன்ல, அதுவும் நம்ம இந்திய வம்சாவளி ஆளுங்க நிறைய இருக்குற சாட்ஸ்வர்த் பக்கம், நம்ம சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா சுகர் மாத்திரை டப்பா கண்ணுல படுது, அதைப் பார்த்துப் பார்த்து மனசு கேக்காமத்தான் எழுதுறேன்.

முதல்ல டேப் எடுங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டுட்டு வயித்தைச் சுத்தி அளங்க. நம்ம இந்திய வம்சாவளிக்கு ஆம்பளைங்க 90 சென்டிமீட்டர், பொம்பளைங்க 80, அதைத் தொட்டாலே கவனமா இருக்கணும். எடை கம்மியா இருந்தாலும் அளங்க அக்கா, ஒல்லியான ஆளுக்கும் தொப்பை இருக்கும்.

ஏன்னா கொழுப்பு சும்மா கிடக்குற சாமான் இல்ல. 1994ல கண்டுபிடிச்ச லெப்டின்ங்கிற ஹார்மோன் இந்தக் கொழுப்புல இருந்துதான் வருது, போதும்னு மூளைக்குச் சொல்றது அதோட வேலை, ஆனா உடம்பு பெருத்தவங்களுக்கு லெப்டின் நிறைய இருந்தும் மூளை அதைச் சரியா கேக்குறதில்ல, அதனால பசியை வெறும் நாக்கு ருசின்னு திட்டாதீங்க. அடிப்போனெக்டின், ரத்தத்துல சர்க்கரையைக் குறைக்குற இன்சுலினுக்கு உதவி பண்ற நல்ல ஹார்மோன், தொப்பை ஏற ஏற அது குறையுது, கூடவே வீக்கம் உண்டாக்குற பொருளெல்லாம் ரத்தத்துல கலந்து ஈரலும் தசையும் இன்சுலின் பேச்சைக் கேக்காமப் போகுது.

செய்ய வேண்டியது: பன்னி சௌ, அதான் ரொட்டியைக் குடைஞ்சு உள்ள கறி ஊத்தித் தர்றது, அந்த ரொட்டியில பாதியை விடுங்க, சுகர் பீன்ஸ்ங்கிற பயறுல செஞ்ச கறியைக் கூட்டுங்க. கூல்ட்ரிங்க் வேண்டாம். சாப்பிட்டதும் நடங்க, வாரத்துக்கு 150 நிமிஷம். தூக்கம் முக்கியம். எடையில 5லிருந்து 7 சதவீதம் குறைஞ்சாலே இன்சுலின் நல்லா வேலை செய்யும். இன்சுலின் ஊசி போடுறவங்களும் சுகர் மாத்திரை சாப்பிடுறவங்களும் டாக்டரைக் கேட்டுட்டு சாப்பாட்டைக் குறைங்க, சுகர் திடீர்னு இறங்கிடலாம்.