சிறுநீரகத்துக்கு டபாக்ளிஃப்ளோசின் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? முதல் மாத்திரைக்கு முன் படியுங்கள்

"எனக்குத்தான் சர்க்கரையே இல்லையே, எதற்குச் சர்க்கரை மாத்திரை?" நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு டபாக்ளிஃப்ளோசின் எழுதித் தரும்போது நிறையப் பேருக்கு இந்தச் சந்தேகம் வருகிறது, சிலர் அதனாலேயே அட்டையைப் பிரிக்காமல் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

படி 1: சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. சிறுநீரகத்துக்கு வழக்கமான அளவு தினமும் ஒரு வேளை 10 மி.கி. கூடவே மெட்ஃபார்மின் (இன்னொரு சர்க்கரை மருந்து) என்றும் போட்டிருந்தால் அது கூட்டு மாத்திரை, மருத்துவரிடம் கேட்காமல் விழுங்க வேண்டாம்.

படி 2: எதற்கு என்று புரிந்துகொள்ளுங்கள். சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையையும் அதோடு கொஞ்சம் உப்பையும் திரும்ப ரத்தத்துக்கே இழுத்துக்கொள்ளும். இந்த மாத்திரை அதைத் தடுக்கிறது. உப்பு கூடுதலாகக் கீழே போனதும், வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாய் லேசாகச் சுருங்கி உள்ளே இருக்கும் அழுத்தம் குறைகிறது, வருஷக்கணக்கில் வடிகட்டியைச் சிதைப்பது அந்த அழுத்தம்தான். 2020-ல் வெளியான டாபா-சிகேடி ஆய்வில் 4,304 பேர் இருந்தார்கள், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது, பலன் அவர்களுக்கும் கிடைத்தது.

படி 3: சாப்பிடுவது. உணவுக்கு முன்போ பின்போ, தினமும் ஒரே நேரம். மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

படி 4: முதல் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறாதீர்கள். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆரம்ப வாரங்களில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) கொஞ்சம் ஏறலாம், இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் கணக்கு) கொஞ்சம் இறங்கலாம். உள்ளே அழுத்தம் குறைந்ததால் வருவது அது, பெரும்பாலும் அப்புறம் நிலைப்பட்டுவிடும். இ.ஜி.எஃப்.ஆர் 30 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் காரணம் தேட வேண்டும், ஆனால் அதையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. யூரின் டெஸ்டில் சர்க்கரை இருக்கிறது என்று வரும், அது மாத்திரையின் வேலை.

படி 5: உடம்பைக் கவனியுங்கள். சிறுநீர் கொஞ்சம் அதிகம் போகும். அதில் சர்க்கரை இருப்பதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, அரிப்பு வரலாம், சொல்லக் கூச்சப்பட்டு இழுத்தடிக்காதீர்கள், சுலபமாகக் குணமாக்கக் கூடியதுதான். எழுந்ததும் தலைசுற்றினால், முக்கியமாக நீர் மாத்திரையும் எடுப்பவர்கள், உடனே தெரிவியுங்கள்.

படி 6: எப்போது நிறுத்தி வைப்பது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி, பேதி, சாப்பிடவே முடியாத காய்ச்சல் என்றால் பொதுவாக இதை இடைநிறுத்தச் சொல்வார்கள், அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே. காரணம் கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் என்ற அமிலங்கள் ரத்தத்தில் சேர்ந்துவிடும் ஆபத்து. இது அரிது, ஆனால் சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே வந்துவிடும், அதனால் ஏமாற்றிவிடும். விடாத குமட்டல், வயிற்று வலி, வேகமான மூச்சு, மிகுந்த அசதி இவை சேர்ந்து வந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போய், இந்த மாத்திரை எடுக்கிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

டைப் 1 சர்க்கரை நோய், கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, டயாலிசிஸ், பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரகம், இதில் எது இருந்தாலும் முதல் மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.