காரைக்குடியில் இருந்துகொண்டே கீபோர்டு வாசித்துப் பிழைப்பது எப்படி?

முதல் பள்ளிக்கூடம் சர்ச்சில் நடக்கும் ஞாயிறு பூசைதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூசை தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது பாடுகிற அக்கா திரும்பி, "தம்பி, தொண்டை சரியில்ல, அரைக் கட்டை இறக்கிக்க" என்பார். கட்டை என்பது சுருதிக் கணக்கு. ஐந்து கட்டையில், அதாவது ஜியில் பழகிய பாட்டை நாலரையில், எஃப் ஷார்ப்பில் வாசித்தாக வேண்டும். சுருதியைத் தானே ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாதீர்கள். அடுத்த பாட்டுக்கு அதை மறுபடி சைபருக்குக் கொண்டுவர மறந்தால் மானம் போகும். அதோடு, பக்கத்தில் இருக்கும் கிட்டார்காரர் சொல்கிற கார்டும் (சேர்த்து வாசிக்கும் சுரக் கூட்டு) உங்கள் விரல் பிடிக்கிற கார்டும் வேறு வேறாக இருக்கும். விரலாலேயே மாற்றப் பழகியவருக்கு ஸ்டுடியோவில் பயம் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணப் பூசைகள் அநேகமாக இருக்காது, வருமானம் இறங்கும். பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் என்ற பாட்டு முடிந்தால், ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் அதே பாட்டு வரும் வரை கீபோர்டுக்கு வாயே கிடையாது. ஜனவரியிலேயே கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

ரெக்கார்டிங்குக்குச் சென்னையில் வீடு பார்க்க வேண்டியதில்லை. (1940களில் ஏவிஎம் ஸ்டுடியோவே நம்ம ஊரில்தான் இருந்தது, அது வேறு கதை.) நேரில் கூப்பிட்டால் பல்லவன் ரயில் இருக்கிறது, மற்றபடி வீட்டிலிருந்தே அனுப்பலாம். கீபோர்டு லைனில், அதாவது மைக் இல்லாமல் வயர் வழியே நேராக ஏறிவிடும். ஆர்மோனியத்தையோ கிட்டாரையோ மைக்கில் எடுக்கும்போதுதான் நம்ம ஊர் வீடு காலை வாரும். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில் நின்று ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் கண்ணாடி மாதிரி இழைத்த சுண்ணாம்புச் சுவரும் அந்தச் சத்தத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கும், கேட்க அழகு, ரெக்கார்டிங்குக்கு ஆகாது. ஓரத்துச் சின்ன அறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து, கொடியில் போர்வை போட்டு, ஊர் உறங்குகிற மதிய நேரத்தில் எடுங்கள்.

அனுப்புவதற்கு முன் சாம்பிள் ரேட்டை, அதாவது ஒரு நொடிக்கு ஒலியை எத்தனை முறை அளந்து பதிகிறார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் 44.1 கிலோஹெர்ட்ஸில் அனுப்பினேன், ஸ்டுடியோக்காரர்கள் வேலை 48-இல். மாற்றாமல் அப்படியே இழுத்துப் போட்டதில் என் வாசிப்பு முக்கால் கட்டை ஏறி, ஓட்டமும் கூடி, குதிரை வண்டி மாதிரிப் போயிருக்கிறது. அன்றிலிருந்து ஃபைல் பெயரிலேயே ரேட்டையும் டெம்போவையும் (பாட்டின் வேகம்) எழுதிவிடுகிறேன். எதிரொலி மாதிரி எஃபெக்ட் எதுவும் போடாத டிராக் ஒன்றும் கூடவே போகட்டும்.

மாதாமாதம் நிச்சயமாக வருவது வகுப்புக் காசு மட்டும்தான். வகுப்புக் கணக்கில் வாங்காதீர்கள், மாதக் கணக்கில் முதல் வாரமே வாங்குங்கள்; இல்லையென்றால் திருவிழா, பரீட்சை, ஊருக்குப் போனது என்று பாதி கரைந்துவிடும். ரெக்கார்டிங் வந்து வகுப்பு விட்டுப்போனால் அதே வாரத்தில் ஈடு கட்டுங்கள், பெற்றோர் அதைத்தான் கவனிப்பார்கள். டிரினிட்டி கிரேடு என்ற இசைப் பரீட்சை கேட்பவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள், ஆனால் முதல் மாதமே இரண்டு கார்டில் அடங்குகிற பாட்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள். "மூணு மாசமா சரிகமதானா தம்பி?" என்று வாசலில் ஆச்சி கேட்பதற்குள் பிள்ளை அதை வீட்டில் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.