காஞ்சனபுரி போகிறவர்களுக்கு

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு ரயிலில் போனால், க்வாய் பாலம் வரை போகாமல் ஊர் ரயில் நிலையத்திலேயே இறங்கிவிடுங்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளிகளையும் வைத்துப் போட்ட தாய்லாந்து-பர்மா ரயில்பாதையின் அருங்காட்சியகமும், அதில் செத்த போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டமும் அங்கிருந்து நடக்கிற தூரம்தான், வண்டிக்கூலி மிச்சம். முதலில் அருங்காட்சியகம், அப்புறம் கல்லறைகள். 415 கிலோமீட்டர் பாதையில் முகாம்கள் எப்படி இருந்தன என்று பார்த்துவிட்டு வந்தால்தான், கல்லில் பொறித்திருக்கும் வயது உறைக்கும். ஏறக்குறைய 7,000 கல்லறைகள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டு இந்தப் பாதை வேலையில் செத்த தமிழ்த் தொழிலாளிகளுக்கு இதில் இடமில்லை, அதையும் மனதில் வைத்துக்கொண்டு நடங்கள்.

இதே பாதைக்காகப் பாறையை வெட்டிய இடமான ஹெல்ஃபயர் பாஸில் உள்ள அருங்காட்சியகத்துக்கு இந்த யோசனை உதவாது. அது சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ்ஸோ வாடகை வண்டியோ பிடித்தே ஆகவேண்டும்.