பிரேக் டிஸ்க்: ஸ்கிம் பண்ணுவதா, மாற்றுவதா? அடிக்கடி நடக்கும் தவறுகள்

பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்று வண்டியைக் கராஜில் விட்டால், சில்லைக் கழற்றுவதற்கு முன்பே பதில் வந்துவிடும். "டிஸ்க் வளைஞ்சு போச்சு அண்ணன், லேத்துல போட்டு ஒரு ஸ்கிம் எடுத்தா சரி." இன்னொரு இடத்தில் கேட்டால், "ஸ்கிம் எல்லாம் சரிவராது, ரெண்டையும் மாத்துங்க" என்பார்கள். சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தகடுதான் டிஸ்க், அதன் மேற்பரப்பை லேத்தில் மெல்லியதாக வெட்டிச் சமமாக்குவதுதான் ஸ்கிம். இரண்டு பேரும் டிஸ்க்கை அளக்கவில்லை, எல்லாத் தவறுக்கும் மூலம் அதுதான். பார்வையாலும் அனுபவத்தாலும் கொஞ்சம் ஊகிக்கலாம், ஆனால் ஒரு டிஸ்க்கில் இன்னும் எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்பதைக் கண் சொல்லாது.

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு குறைந்தபட்சத் தடிப்பு உண்டு. பெரும்பாலும் அதன் நடுக்கிண்ணத்திலோ வெளிவிளிம்பிலோ ‘மின் டி.எச்.’ என்ற எழுத்துகளோடு மில்லிமீட்டரில் பொறித்திருப்பார்கள். கறள் மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்தால் தெரியும். அதற்குக் கீழே போன டிஸ்க்கை ஸ்கிம் பண்ணுவது பற்றிப் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். தடிப்புக் குறைந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும், அதில் வெடிப்பு விழும், டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும் பிரேக் பேட் தேய்ந்த நிலையில், அதை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் அளவுக்கு மிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

சரி, அளக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எதனால் அளக்கிறார்கள் என்று பாருங்கள். சாதாரண வேர்னியரை விளிம்பில் கவ்விப் பிடித்தால் அளவு பிழைக்கும். ஏனென்றால் பேட் தொடாத வெளிவிளிம்பு தேயாமல் ஒரு வரம்பு போல உயர்ந்து நிற்கும், நம்மூர்க் கடற்காற்றில் அதன் மேல் கறளும் செதில் செதிலாகப் படிந்திருக்கும். வேர்னியரின் தாடை அந்த வரம்பில்தான் உட்காரும், உள்ளே பேட் ஓடும் பாதை எவ்வளவு குழிந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. மைக்ரோமீட்டரை வரம்பைத் தாண்டி, விளிம்பிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே வைத்து, டிஸ்க்கைச் சுற்றி 8 இடத்தில் அளக்க வேண்டும். அதில் மிகக் குறைந்த அளவுதான் உங்கள் டிஸ்க்கின் தடிப்பு. மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசமும் முக்கியம், ஏனென்றால் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே பல வண்டிகளில் பிரேக் மிதியில் துடிப்பாகத் தெரியும். தலைமயிரின் தடிப்பில் பாதிகூட இல்லாத அளவு அது.

அடுத்த தவறு கணக்கில் வருகிறது. ஒரு டிஸ்க் புதிதில் 22 மில்லிமீட்டர், குறைந்தபட்சம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 20.6 இருக்கிறது. "இன்னும் 0.6 இருக்கே" என்று லேத்துக்கு அனுப்புகிறார்கள். ஆழமான கீறல்களை எடுக்க ஒரு பக்கம் 0.3 வெட்டினால், இரண்டு பக்கமும் சேர்த்து 0.6 போய்விடும், வண்டிக்குத் திரும்பி வருவது சரியாக 20.0 உள்ள டிஸ்க். பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் புதுப் பேட் தேய்ந்து முடிவதற்குள் அது எல்லைக்குக் கீழே போய்விடும். ஸ்கிம் கூலியும் கொடுத்து, கொஞ்ச நாளில் டிஸ்க் விலையும் கொடுப்பீர்கள். வெட்டிய பிறகும் ஒரு செட் பேட் தேயும் வரை தாக்குப்பிடிக்கும் அளவு மிச்சம் இருந்தால் மட்டும் ஸ்கிம் பண்ணுங்கள். காற்றுத் துவாரம் இல்லாத ஒற்றைத் தகட்டு டிஸ்க் உள்ள சிறிய கார்களில் இந்த மிச்சம் ஆரம்பத்திலிருந்தே குறைவு.

இப்போது "வளைஞ்சு போச்சு" என்ற பேச்சுக்கு வருவோம். உதறல் உள்ள டிஸ்க்குகளில் பெரும்பாலானவை வளைந்தவை இல்லை. தடிப்பு ஒரே சீராக இருக்காது, அல்லது பேட்டின் பொருள் ஒரு இடத்தில் மட்டும் ஒட்டிப் படிந்திருக்கும். கந்தளாய் தாண்டி ஹபரணை பக்கம் போகும்போது யானை குறுக்கே வந்தால் என்ன செய்வோம்? 80இல் வந்த வண்டியை ஒரே மிதியில் நிறுத்துவோம், யானை கடந்து போகும் வரை காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நிற்போம். கொதிக்கும் டிஸ்க்கை பேட் ஒரே இடத்தில் இறுக்கிப் பிடித்திருக்கும், அந்த இடத்தில் பேட்டின் வடிவம் அப்படியே பதிந்துவிடும். அன்றிலிருந்து உதறல். யானை வந்தால் நிறுத்தத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. நின்ற பிறகு ரோடு சமமாக இருந்தால் கால் பிரேக்கைத் தளர்த்தி, கியரை நியூட்ரலுக்கு எடுத்து ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தலாம். பதிவு லேசாக இருந்தால் முறையாகச் சில தடவை மிதமான பிரேக் பிடித்தாலே போய்விடும், இல்லையென்றால் மெல்லிய ஒரு ஸ்கிம் போதும். ஆனால் நீலம் பாய்ந்த புள்ளிகள் தெரிந்தால் கவனம். அந்த இடத்தில் இரும்பே இறுகிக் கடினப்பட்டிருக்கும், ஸ்கிம் பண்ணினாலும் கொஞ்ச நாளில் மேடாக எழும்பும். அதை மாற்றுங்கள். விளிம்பு வரை ஓடும் வெடிப்பு இருந்தாலும் அப்படித்தான்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஹப் முகம். டிஸ்க்கைக் கழற்றியதும் அது உட்காரும் இடத்தைப் பாருங்கள். நட்டுக்கம்பிகளைச் சுற்றி, செம்மண் நிறத்தில், நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிரும் கறள் இருக்கும். நிலாவெளியிலோ டச்பே கரையிலோ வசிக்கிறவர்கள் வண்டியில் இது கட்டாயம் இருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க்கை மாட்டினால் டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்காரும். முதல் நாள் எதுவும் தெரியாது, பிரேக் அருமையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேட்டில் லேசாக உரசிக்கொண்டே போகும், சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து உதறல் திரும்ப வரும். அப்புறம் "மலிவு டிஸ்க், அதான்" என்று சாமான் மேல் பழி போடுவார்கள். கம்பித் தூரிகையோடு 10 நிமிட வேலை இது, பக்கத்தில் நின்று செய்விக்கலாம். பல வண்டிகளில் இந்தச் சாய்வுக்கான எல்லை 0.05 மில்லிமீட்டர்தான். இந்தச் சாய்வை அளக்கும் டயல் கேஜ் உள்ள கராஜ் கிடைத்தால் மாட்டிய பிறகு அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சில்லு நட்டை எயார் கன்னால் கண்டபடி இறுக்குவதும் டிஸ்க்கைச் சாய்க்கும் இதே வேலையைத்தான் செய்யும். டொயோட்டாக் கார்கள் பலவற்றுக்கு 103 நியூட்டன் மீட்டர்தான் இறுக்கும் அளவு. இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால், எதிர் எதிர் நட்டாக, படிப்படியாக இறுக்க வேண்டும்.

மாரி காலத்தில் இரண்டு நாள் நிறுத்திய வண்டியின் டிஸ்க் முழுக்கச் செம்மஞ்சளாக இருப்பதைப் பார்த்துப் பயந்து ஸ்கிம் பண்ண ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அது மேல்தோல் கறள், நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். பிரியஸ், அக்குவா, வெசல் போன்ற ஹைபிரிட் வண்டிகளின் கதை வேறு. வேகம் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால் பேட் டிஸ்க்கை அதிகம் தொடாது, கறள் ஆழமாக இறங்கிக் குழி விழும். இடையிடையே வெற்று ரோட்டில் நன்றாக ஒரு பிரேக் பிடித்துவிடுங்கள். காற்றுத் துவாரமுள்ள டிஸ்க்கில் துவாரத்துக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள், உள் விலாக்கள் கறளில் அரித்துப் போயிருந்தால் வெளித்தடிப்பு எவ்வளவு இருந்தும் பயனில்லை.

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது, அதனால் பழைய வண்டிகளையே இழுத்துப்பிடித்து ஓட்டுகிறோம். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து பாவித்த டிஸ்க் எடுப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காசு கொடுக்க முன் தடிப்பை அளந்து அனுப்பச் சொல்லுங்கள், யாரோ ஏற்கனவே ஸ்கிம் பண்ணிய டிஸ்க்காக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். உள்பேட் மட்டும் தேய்ந்திருந்தால் காலிப்பர் வழுக்கி நகரும் ஊசி (பின்) பெரும்பாலும் இறுகியிருக்கும், அதைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடாவிட்டால் புது டிஸ்க்கும் அதே வழியில் போகும். கையில் கிரைண்டரைப் பிடித்து டிஸ்க்கைத் தேய்த்து விடுகிறவரிடம் வண்டியைக் கொடுக்கவே வேண்டாம், அப்படித் தேய்த்த டிஸ்க்கில் தடிப்பு ஒருபோதும் சீராக வராது.

ஸ்கிம் பண்ணியதோ புதியதோ, மாட்டிய அன்றே பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனரால் துடைத்தபின், ரோடு வெறுமையாக இருக்கும் காலை நேரத்தில் 60இலிருந்து 15க்கு மிதமாகக் குறைத்து, நிற்காமல் மீண்டும் வேகமெடுத்து, ஒரு 8, 10 தடவை செய்யுங்கள். அப்புறம் பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பின் சில்லு நட்டுகளை டோர்க் ரெஞ்சால் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.