வடசென்னை வீட்டில் மாடர்ன் ரஸ்டிக்: செங்கலிலும் மரத்திலும் நடக்கும் தவறுகள்

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தின் கிழக்குச் சுவரைத் தடவினால் உள்ளங்கையில் வெள்ளையாக மாவு ஒட்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால், கரடுமுரடான செங்கலையும் மரத்தையும் எளிமையான நவீன அறையோடு சேர்க்கும் மாடர்ன் ரஸ்டிக் பாணியில், பூச்சை எடுத்துவிட்டுச் செங்கல் தெரிய விட்டால் அழகாக இருக்குமே என்று ஆசைப்பட்டோம். மேஸ்திரி ஒருவர் இரண்டே நாளில் கொத்தி எடுத்தார். செங்கல் பளபளவென்று இருக்கட்டும் என்று மேலே இரண்டு கோட் வார்னிஷும் அடித்துவிட்டுப் போனார். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. வார்னிஷ் கொப்புளித்தது, அதற்கடியில் உப்பு பூத்தது, செங்கலின் முகமே தகடு தகடாக உதிர ஆரம்பித்தது.

காரணம் எளிது. பழைய வீட்டுச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. தரையிலிருந்து ஏறும் ஓதத்தைச் சுவர் மெல்ல மெல்ல வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தோடு உப்பும் கரைந்து வரும். சுவர் மூச்சுவிட முடிந்தால் உப்பு மேலே பூக்கும், துடைத்துவிடலாம். வார்னிஷோ பிளாஸ்டிக் பெயின்டோ அடித்து மூடினால், உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கலைப் பிளக்கும். சிமென்ட் பூச்சும் இதே வேலையைத்தான் செய்யும். கடல் பக்கத்திலேயே இருக்கும் நமக்கு உப்புக்குப் பஞ்சமில்லை.

ஆகவே செங்கல் சுவர் வேண்டுமென்றால், முதலில் ஒரு ஐப்பசி, கார்த்திகை கடக்கட்டும். அந்தச் சுவரில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே கை வைக்காதீர்கள். மேலே திறந்த இடத்தில், இடுக்குகளைச் சுண்ணாம்புக் கலவையால் பூசச் சொல்லுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவ விடவே கூடாது. செங்கல் ஏற்கெனவே மாவாகிறதென்றால் அந்த ஆசையை விட்டுவிட்டு இரண்டு கை சுண்ணாம்பு அடியுங்கள். கரடுமுரடான சுவரில் சுண்ணாம்பு வெள்ளை மேல் காலை வெயில் படும்போது பார்த்திருக்கிறீர்களா? அதைவிட ரஸ்டிக் எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது மரம். துறைமுகமும் கன்டெய்னர் யார்டுகளும் இருப்பதால் மணலி, திருவொற்றியூர் பக்கம் சரக்கை அடுக்கித் தூக்கும் மரத்தட்டான பேலட்டின் பழைய கட்டைகளுக்குக் குறைவில்லை. அதைப் பிரித்துச் சோபாவும் கட்டிலும் செய்கிறார்கள். செய்யுங்கள், ஆனால் முத்திரையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். வெளிநாட்டுக்குப் போய்வரும் பேலட்டில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். அதில் எச்.டி. (HT) என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது, அது வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாதது, எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருப்பது, இரண்டையும் தொடாதீர்கள். அதன் மேல் எந்த ரசாயனம் சிந்தியதோ, யாருக்குத் தெரியும்.

ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய ஸ்லீப்பர் கட்டை இன்னும் மோசம். பெரம்பூர் பக்கத்து நண்பர் வீட்டில் அதை டீப்பாயாகப் போட்டிருந்தார்கள். தடித்த கட்டை, ஆணி ஓட்டைகள், பார்க்க அவ்வளவு அழகு. சித்திரை வெயிலில் கூடம் முழுக்கத் தார் வாடை. அந்தக் கட்டைகளில் பல, மட்காமல் இருக்கக் கிரியோசோட் என்னும் தார் எண்ணெய் ஏற்றியவை. புற்றுநோய் அபாயம் உள்ள பொருள். குழந்தைகள் தவழும் வீட்டில் அதற்கு இடமே கிடையாது.

இடித்த வீட்டுத் தேக்கு நிலையும் ஜன்னலும் வாங்கப் போனால் ஒரு டார்ச் கொண்டு போங்கள். எங்கள் வயதான ஆசாரி சொல்வார்: “வைரமாப் பார்த்து எடும்மா. வெள்ளை இருந்தா வண்டு தேடி வரும்.” மரத்தின் நடுவில் கருத்திருப்பது வைரம், ஓரத்தில் வெளிறியிருப்பது வெள்ளை. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் மட்டும் இருந்தால் பழைய கதையாக இருக்கலாம். தட்டும்போது மாவு மாதிரி பொடி கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டு வந்தால் புது அலமாரிக்கும் பரவும். மாமரப் பலகையில் செய்த சாமான்களுக்கும் இந்தச் சோதனை அவசியம்.

இரும்பில் துருப்பிடித்த தோற்றம் இப்போது ஃபேஷன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று படும் வீட்டில் அந்தத் துரு அப்படியே நிற்காது. அரித்துக்கொண்டே போகும், தரையில் காவிக் கறை சொட்டும். நன்றாகத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே மங்கலான கறுப்பு பெயின்ட் போதும். சணல் விரிப்பு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், சுருட்டிப் பரண் மேல் வைத்துவிடுங்கள். பல்பு வாங்கும்போது அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் (மஞ்சள் கலந்த ஒளி) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நீலம் கலந்த வெள்ளை ஒளி தரும் 6500 போட்டால் மரமும் மண்ணும் சாம்பல் நிறமாகத் தெரியும்.

அப்புறம், அளவு. நம் பக்கத்தில் பத்துக்குப் பத்து கூடம்தான் அதிகம். அதில் செங்கல் சுவர், மரக்கூரை, கயிற்றுக் கட்டில், பெரிய மரப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் கிடங்கு மாதிரி ஆகிவிடும். மாடர்ன் என்ற பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு அறைக்குக் கரடுமுரடாக ஒரு பொருள், மற்றதெல்லாம் எளிமையாக, வெறுமையாக.

அந்த ஒரு பொருள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். தண்டையார்பேட்டையில் என் சித்தி வீட்டில், அரைநூற்றாண்டாகக் கால் பட்டுப் பட்டு மெருகேறிய சிவப்பு ஆக்சைடு தரை இருந்தது. முகம் பார்க்கலாம். அதன் மேல், போன வருஷம், மரம் மாதிரி அச்சடித்த டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். விரிசலை மட்டும் அடைத்து, துணியில் தொட்ட கொஞ்சம் தேங்காய் எண்ணெயால் தேய்த்திருந்தாலே போதும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தரை இருந்தால், டைல்ஸ்காரரைக் கூப்பிடும் முன் ஒரு மூலையில் எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பாருங்கள்.